மருந்து என்றொரு சொல்

சென்ற தவணை ஒன்பதாந் தரக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'எங்கள் ஊர்த் தோட்டங்கள்' என்பது தலைப்பு. ஒரு கொப்பியில் இப்படி இருந்தது: "மாமா போஞ்சிக்கு மருந்தடித்துவிட்டு வந்து தலை சுற்றுது என்று படுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து எடுத்தோம். இப்போது சுகம்."

சிவப்புப் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் கீழே கோடிட்டு 'வேறு சொல் பயன்படுத்துக' என்று எழுதுவது என் வழக்கம். ஆசிரிய கலாசாலையில் பழகிய வழக்கம் அது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க என்னிடம் வேறு சொல் இருக்கவில்லை. விவசாய பாடநூல் பீடைநாசினி என்கிறது. எந்த மாமா பீடைநாசினி அடிக்கிறார்? எங்கள் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் இதே கதைதான். தோட்டத்துக்கு அடிப்பதும் பெஹெத், ஆஸ்பத்திரியில் எடுப்பதும் பெஹெத். மனிதனை விழுத்தியதற்கும் எழுப்பியதற்கும் ஒரே பெயர்.

இது வெறும் சொற்பஞ்சம்தானா, அல்லது நம் கதைகளும் கவிதைகளும் இந்தச் சொல்லுக்குள் எதையாவது தொலைத்துவிட்டனவா என்று அன்றிரவு யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். விஞ்ஞானி அல்லேன், தமிழ் கற்பிப்பவன். எனவே நான் பேசப்போவது பெரும்பாலும் எழுத்தைப் பற்றியே.

இந்தச் சொல் விவகாரத்தை முதலில் உரக்கச் சொன்னவர் ஓர் அமெரிக்கப் பெண். ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட நூல் 'மௌன வசந்தம்' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. பூச்சியை மட்டும் கொல்லும் மருந்து என்று ஒன்று இல்லை, மண்ணிலும் நீரிலும் உள்ள எல்லா உயிருக்கும் அது போய்ச் சேருகிறது, ஆகையால் இவற்றைப் பூச்சிகொல்லி என்பதே பிழை, உயிர்கொல்லி என்றே அழைக்கவேண்டும் என்பது அவர் வாதம். நூலின் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு பெயரைத் திருத்தப் பார்க்கிறார். அதனால்தான் இதை விஞ்ஞான நூலாக மட்டுமல்லாமல் உரைநடை இலக்கியமாகவும் வாசிக்கலாம் என்கிறேன்.

அந்நூல் ஒரு கட்டுக்கதையோடு தொடங்குகிறது. பறவைகள் பாடாத, தேனீ வராத ஓர் ஊர். பிறகு அவரே ஒப்புக்கொள்கிறார்: அப்படி ஓர் ஊர் இல்லை, ஆனால் அங்கே நடந்ததாகச் சொன்ன ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் நடந்ததுதான். விஞ்ஞானிகள் பலர் இந்த அத்தியாயத்தைத்தான் அதிகம் தாக்கினார்கள். எனக்கோ அந்நூலில் மிகவும் பிடித்தது வேறோரிடம். அமெரிக்கப் புறநகர் வீடுகளின் புல்தரையைப் பற்றி எழுதும்போது, களைகொல்லி விளம்பரமொன்றை விவரிக்கிறார். தந்தையும் மகனும் சிரித்த முகத்தோடு புல்லுக்கு அடிக்கத் தயாராகிறார்கள். சின்னப் பிள்ளைகள் நாயோடு அதே புல்லில் உருண்டு விளையாடுகிறார்கள். கார்சன் அங்கே பெரிதாகக் குரல் உயர்த்துவதில்லை. படத்தை நம் முன்னே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்தப் பக்கத்தில் எனக்கு என் முகமே தெரிந்தது. முன்னர் நான் கற்பித்த ஒரு பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் ஓட்டப்பாதைக் கோடுகளைச் சுண்ணாம்பால் போடுவதில்லை. மழை பெய்தால் கரைந்துவிடும் என்று, புல்லை எரிக்கும் 'மருந்தை' ஊற்றிக் கோடு கீறுவார்கள். நாலைந்து நாளில் பச்சைக்கு நடுவே மஞ்சள் கோடு நூல் பிடித்தாற்போல் தெரியும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிப் பழகுவார்கள். அந்த ஆண்டு மலருக்கு விளையாட்டு அறிக்கை எழுதியவன் நான். மைதானத்தின் அழகையும் கோடுகளின் நேர்த்தியையும் பாராட்டி ஒரு பந்தி எழுதினேன். நல்ல பந்தி என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் கார்சனை அப்படியே நம் மண்ணில் நட்டுவிட முடியாது. அவருடைய முதல் எதிரி டி.டி.ரி. நம் உம்மும்மாமாருக்கோ அது உயிர் காத்த பொருள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுப்பகுதியில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். தெளிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69இல் நோய் திரும்பி வந்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. சுவருக்கு அடித்த அந்த வெள்ளைத் தூள் கரைசலை மருந்து என்று ஊரார் அழைத்ததில் என்ன பிழை? அது உண்மையாகவே மருந்தாக வேலை செய்தது.

இதைக் காட்டி, கார்சனின் புத்தகத்தால்தான் இலங்கையில் மலேரியா திரும்பியது என்று ஒரு பேச்சு உலகில் உலாவுகிறது. நம்மவர் சிலரும் அதை மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. நோய் ஒழிந்துவிட்டது, இனிச் செலவு எதற்கு என்றுதான் இங்கே நிறுத்தினார்கள். புத்தகத்தை வாசித்துவிட்டு அல்ல. நோய் திரும்பியதும் மறுபடி டி.டி.ரி. அடித்தார்கள். நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. 1970களின் நடுவில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. பூச்சி இப்படிப் பழகிக்கொள்ளும் என்பதற்குக் கார்சன் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எந்தத் தனி மருந்தாலும் அல்ல, வீடு வீடாக இரத்தம் எடுத்துச் சோதித்த சிற்றூழியர்களாலும்தான்.

இனி நம் கதைகளுக்கு வருகிறேன். முதலில் என் கதை.

கலாசாலையில் இருந்த காலத்தில், 2004 அளவில், ஒரு சிறுகதை எழுதினேன். மலையடிவாரக் கிராமத்துப் பெண்ணொருத்தி. சீதனப் பிரச்சினையால் கல்யாணம் தடைப்படுகிறது. கடைசிப் பந்தியில் அவள் குசினி மூலையிலிருந்த போத்தலை எடுக்கிறாள். அத்தோடு கதை முடிகிறது. விரிவுரையாளர் ஒருவர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அப்போது எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. நான் மட்டுமல்ல, அந்த நாட்களில் நானும் நண்பர்களும் எழுதிய கதைகளை இன்று புரட்டினால் கால்வாசியாவது அந்தப் போத்தலில்தான் முடிகின்றன. காதல் முறிந்தது, போத்தல். பரீட்சையில் தோல்வி, போத்தல். மாமியார் கொடுமை, போத்தல். "மருந்து குடிச்சிட்டாள்" என்று யாரோ ஓடிவந்து சொல்வார்கள். அந்தச் சொல் அங்கேயும் மருந்துதான்.

காரணங்களை நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். சீதனம், வறுமை, சமூகம், பெண்ணடிமை. போத்தலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. யார் வாங்கிவந்தது? எந்தக் கடையில்? என்ன விலை? அதை ஏன் குசினியில் வைத்தார்கள்? போஞ்சிக்கு அடித்தபிறகு மிச்சம் எவ்வளவு? யதார்த்தவாதம் என்று மார்தட்டிக்கொண்ட எங்கள் கண்ணுக்கு, வீட்டுக்குள்ளே இருந்த மிக ஆபத்தான பொருள் ஒரு மேடைச் சாமான் அளவுக்குக்கூடத் தெரியவில்லை.

எங்கள் கணக்கு எவ்வளவு பிழை என்று பிறகுதான் அறிந்தேன். 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற வீதத்தில் தற்கொலை நிகழ்ந்தது. அது உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பெரும்பாலும் இந்தப் போத்தல்களால். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பீடைகொல்லிகளுக்கு ஒரு பதிவாளர் உண்டு. அவருடைய அலுவலகம் வேறெங்கும் இல்லை, நம் பேராதனைக் கெட்டம்பையில்தான். கண்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அவ்விடத்தைக் கடந்திருக்கிறேன். 1984இல் பரத்தியனை நிறுத்தினார்கள். 1995இல் மிகக் கடுமையான வகையில் எஞ்சியிருந்தவற்றை. 1998இல் எண்டோசல்பானை. 2008 தொடங்கி 2011க்குள் பரகுவாட் உட்பட மேலும் மூன்றை. இரண்டு தசாப்தங்களில் தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் இதனால் தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். விளைச்சலும் அதனால் விழுந்துவிடவில்லை.

சீதனம் ஒழியவில்லை. மாமியார்மார் திருந்தவில்லை. வறுமையும் போகவில்லை. போத்தலுக்குள் இருந்தது மட்டும் மாறியது. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களிடம் இலங்கைக் கிராமப்புறங்களில் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரை மணித்தியாலத்துக்கும் குறைவாகவே அதைப்பற்றி யோசித்திருந்தார்கள் என்று தெரியவந்தது. கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சாகும் நோக்கமே இருக்கவில்லை. என் கதையின் பெண்ணை நான் ஆறு பக்கம் சிந்திக்க வைத்திருந்தேன். அவள் வாழ்வில் அந்த ஆறு பக்கம் இல்லை. கைக்கெட்டிய தூரத்தில் வேறொரு போத்தல் இருந்திருந்தால் அவள் இரண்டு நாள் வாட்டில் கிடந்து உம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பாள். அந்தக் கதையை நான் எழுதவில்லை. வீடு திரும்பியவர்களின் கதை நம்மிடம் எத்தனை இருக்கிறது?

நண்பரொருவரிடம் இதைச் சொன்னேன். நல்ல கவிஞர். "மச்சான், இலக்கியம் விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம் இல்லை" என்றார். சரிதான். ஆனால் நான் கேட்பது பிரசாரம் அல்ல, பார்வை. ஒரு பொருளைக் கதைக்குள் கொண்டுவந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது படைப்பாளியின் வேலை.

கவிதை பக்கம் போனால் நோய் வேறு விதம். அங்கே மருந்து இல்லை, எல்லாம் நஞ்சு. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து காரணம் தெரியாத சிறுநீரக நோய் விவசாயிகளைக் கொண்டுபோகிறது என்ற செய்தி பரவியபின் நம் கவியரங்குகளில் சோறு நஞ்சு, நீர் நஞ்சு, காற்று நஞ்சு, அடுத்த வரியில் அரசியல் நஞ்சு, நண்பனின் சிரிப்பும் நஞ்சு. எல்லாமே நஞ்சென்றால் சோற்றைப் பற்றி என்ன சொன்னதாகிறது?

அரசும் ஏறத்தாழ அந்தக் கவிஞர்களைப் போலவே நடந்துகொண்டது என்பது என் அபிப்பிராயம். 2015இல் கிளைபொசேற் களைகொல்லியை நாடெங்கும் தடைசெய்தார்கள். அவ்வாண்டு மார்ச்சில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்திருந்தது. ஆனால் இங்கே தடைக்குச் சொன்ன காரணம் சிறுநீரக நோய். அந்த இணைப்பு இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உரம், களைகொல்லி, பூச்சிகொல்லி எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள், நவம்பருக்குள் பின்வாங்கினார்கள். 2022இல் கிளைபொசேற்றும் திரும்பி வந்தது. கெட்டம்பையில் முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு பெயராக, ஆதாரம் பார்த்து எடுத்த வேலைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முன்னது உரைநடை. பின்னது கவியரங்கு.

இந்த நஞ்சுக் கவிதைகளில் தவறாமல் வரும் ஒரு பழமொழி உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. நானும் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தலைவலிக்கு உம்மா தரும் பனடோலுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் கார்சன் சொல்லும் ஓர் ஏரியின் கதையில் அந்தப் பழமொழி உடைந்துபோகிறது. கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்ற ஏரி. தூண்டில்காரர்களுக்குத் தொல்லை கொடுத்த சிறு பூச்சியை ஒழிக்க 1949இல் டி.டி.டி. என்ற இரசாயனத்தை ஏழு கோடி பங்கு நீருக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்தார்கள். இதைவிடக் குறைந்த அளவு எது? பூச்சி திரும்பிவர, 1954இல் ஐந்து கோடிக்கு ஒரு பங்கு. அந்தக் குளிர்காலத்தில் ஏரியின் முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கு மேல் செத்தன. நீரின் நுண்ணுயிரில் பத்து இலட்சத்துக்கு ஐந்து பங்காக இருந்தது, அதைத் தின்ற மீனில் கூடி, மீனைத் தின்ற பறவையின் கொழுப்பில் 1,600 பங்காகச் சேர்ந்திருந்தது. அளவுக்கு மிஞ்சவே இல்லை. அளவு தானே ஒருவர் வயிற்றிலிருந்து ஒருவர் வயிற்றுக்கு வளர்ந்துகொண்டு போனது. இப்படிப்பட்ட பொருளுக்கு நம் மொழியில் பழமொழி இல்லை. பழமொழி தோன்றிய காலத்தில் பொருளே இருக்கவில்லை.

மகாவலியைப் பற்றி நம் கண்டிக் கவிஞர்கள் எழுதியவற்றைத் திரட்டினால் பெரிய தொகுதி வரும். தாய் என்பார்கள், நாணப் பெண் என்பார்கள். பேராதனைப் பாலத்தோடு பெரும்பாலான கவிதைகள் நின்றுவிடுகின்றன. ஆறு நிற்பதில்லை. பொல்கொல்லையில் 1976 முதல் அதை மறித்து, அதில் ஒரு பகுதியை மலைக்குள்ளே சுரங்கம் வெட்டி உக்குவளைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து சுதுகங்கை, போவத்தன்னை, பிறகு கலாவெவ. நாம் கொப்பளித்த நீர் வடமத்திய மாகாணத்து வயலுக்குப் போகிறது. மலையில் இட்ட உரம் அங்கே இறங்குகிறதா, அந்த நோய்க்கு அதில் பங்குண்டா என்று ஆய்வாளர்கள் விவாதித்திருக்கிறார்கள். கடினநீர், புளோரைட், களைகொல்லி, கட்மியம், வெயிலில் நீரின்றி உழைப்பது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, எதுவும் தீர்ப்பாகவில்லை. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? யார் குற்றவாளி என்று தெரியாத, மேலே இருப்பவன் கீழே இருப்பவனை ஒருபோதும் காணாத கதை அது. போஞ்சி அடித்த மாமா ஒரு முனையில், கலாவெவப் பக்கத்து விவசாயி மறு முனையில். நடுவில் ஆறு.

முடியாத காரியம் அல்ல. திருப்பூர்ச் சாயக்கழிவை வைத்து சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' எழுதினார். மலையாளத்தில் அம்பிகாசுதன் மாங்காடு 2009இல் 'என்மகஜே' எழுதினார். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகொப்டரில் ஆண்டுக்கணக்காகத் தெளித்த எண்டோசல்பானும், அங்கே நோயோடு பிறந்த பிள்ளைகளும்தான் அதன் பேசுபொருள். அந்நாவலில் சில இடங்களில் போராட்டத் தகவல்கள் கதையை மூடிவிடுகின்றன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் போத்தலுக்கு அங்கே பெயர் இருக்கிறது, தெளித்தவனுக்கு முகவரி இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். அதே எண்டோசல்பானைத்தான் நாம் 1998இல் நிறுத்தியிருந்தோம். 2000 வரை அங்கே வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. இந்தியா முழுவதும் நிற்க 2011 ஆயிற்று. இங்கே அது நின்றது, நம்மவர்கள் அதைக் குடித்துச் செத்ததால். அந்த மரணங்கள் பெற்றுத்தந்த தடை பற்றி நம்மில் எவரும் ஒரு பக்கம் எழுதியதாக நான் வாசித்ததில்லை.

கட்டுரைக் கொப்பிக்கு வருகிறேன். 'வேறு சொல் பயன்படுத்துக' என்று நான் எழுதவில்லை. ஓரத்தில், 'எந்த மருந்து? போத்தலில் என்ன பெயர் இருந்தது? கேட்டு எழுதவும்' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கொப்பி திரும்பி வந்தது. கீழே பென்சிலால் எழுதியிருந்தான்:

"பெயர் இல்லை சேர். பக்கத்துத் தோட்டக்காரர் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தது. அது கித்துள் பாணிப் போத்தல். உம்மா கழுவி வைத்திருக்கிறார்."

கொப்பியை மூடிவிட்டு அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.